பிறத்தியார் குழந்தை

மட்டாஞ்சேரி
2 அக்டோபர் 1978

விச்சு,

உன் முகாமுக்குத் தந்தி வந்து சேர்ந்ததா, காட்டு வழியில் எங்கேயாவது தங்கிவிட்டதா, தெரியாது. பாலக்காட்டிலிருந்து உன் அம்மா முந்திக்கொண்டு எழுதியிருக்கலாம். அவர் எப்படி எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

சீதா போய்விட்டாள். உன் அண்ணா காமாலையில் கண்ணை மூடியபோது என் இடுப்பில் இருந்த குழந்தை. ஆவணியில் ஐந்து முடிந்தது.

போன மாதம் இருபத்துநாலாம் தேதி வல்லார்பாடம் மாதா கோயில் பெருநாள். இங்கே எல்லா ஜாதியும் போகும். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் கப்பல் ஒன்று வந்து நின்றதால் எனக்கு ஆபீஸ். டைப் அடிக்க ஆள் இல்லை என்று கூப்பிட்டுவிட்டார்கள். இவர் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சுப்புராஜை நீ ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாய், எங்கள் ரெஜிஸ்டர் கல்யாணத்தன்று. விதவை மறுபடி தாலி கட்டிக்கொண்டாள், அதுவும் வேறு ஜாதிக்காரனிடம் என்று உங்கள் வீடே கதவைச் சாத்தியபோது வந்து நின்ற ஒரே ஆள் நீதான். அதை நான் மறக்கவில்லை.

திரும்பி வரும்போது தோணியில் கூட்டம் அதிகம். இழுவைக் கப்பல் ஒன்று பக்கத்தில் போயிற்று. அதன் அலையில் ஒரு பக்கம் சாய்ந்து எல்லாரும் அந்தப் பக்கமே விழுந்தார்கள். மழைத் தண்ணீர், ஒரே கலங்கல். இவர் முங்கித் தேடியிருக்கிறார். கையில் ஒரு சின்னக் கை அகப்பட்டது. இழுத்து மேலே கொண்டுவந்து, கவிழ்ந்த தோணியின் முதுகில் போட்டு, முகத்தைத் துடைத்துப் பார்த்தால் அது ஒரு பையன். வைப்பின் தீவுக்காரி ஒருத்தியின் மூன்று வயதுப் பிள்ளை.

“கை கெடச்சிச்சு கமலா. சின்னக் கை. அவ கைதான்னு நெனச்சேன். பாத்தா வேற யாரோட கொச்சோ.” இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுபடி மறுபடி முங்கியவரை மற்றத் தோணிக்காரர்கள்தான் பிடித்து இழுத்தார்களாம். சீதாவை மறுநாள் காலை சீனவலைக்காரர்கள் கண்டெடுத்தார்கள்.

முடிந்தால் வந்து போ. உன்னிடம் அழவேண்டும் போலிருக்கிறது. உன் சாயல் அவளுக்கு, நெற்றியில்.

கமலாக்ஷி

*

தார்வாடுக்கு அருகில், ஆராய்ச்சி முகாம்
20 அக்டோபர் 1978

மன்னிக்கு,

தந்தியும் கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. வர முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று நான் எழுதப்போவதில்லை. எந்தக் காரணமும் காரணமாகத் தோன்றாது.

அண்ணாவின் கடைசி அடையாளமும் போய்விட்டது. இரண்டு நாளாக மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் பின்தொடரும் மந்திக்கூட்டம் தலைக்கு மேலே இலை தின்றுகொண்டிருக்கிறது. இந்தக் கூட்டத்தில் போன கோடையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு எழுதவில்லை. பழைய தலைவனை வெளியிலிருந்து வந்த ஓர் ஆண் விரட்டிவிட்டது. பிறகு குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றை அது தாயின் மாரிலிருந்து பிடுங்கியதை நானே பார்த்தேன். தாய் கத்தினாள். சில வாரம் கழித்து அதே தாய் அந்த ஆணின் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் குடிக்கும் குட்டி இல்லாவிட்டால் அவள் சீக்கிரம் அவனுடையதைச் சுமப்பாள். அவ்வளவுதான் அதன் கணக்கு. அது கொடூரம் என்று அந்த ஆணுக்குத் தெரியாது.

இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சுப்புராஜ் நன்றாக நீந்துவாரா? சீதா அவர் மடியில் இருந்தாளா, வேறு இடத்திலா? அத்தனை பேர் பிழைத்த இடத்தில் அவள் மட்டும் எப்படி? அவர் ஏன் முதலில் அந்தப் பையனைத் தூக்கினார்?

விச்சு

*

மட்டாஞ்சேரி
5 நவம்பர் 1978

விச்சு,

அவள் மட்டும் இல்லை. ஒரு கிழவரும் கல்யாணமாகாத ஒரு பெண்ணும் போனார்கள். அவர்களுக்கு உன் குரங்குகளில் யார் பகையோ.

இவர் நீந்துவார். மடியில்தான் வைத்திருந்தார். மடியிலிருந்துதான் போனாள். போதுமா?

நீ துக்கம் விசாரிக்கவில்லை, விசாரணை நடத்துகிறாய். அழ ஓர் ஆள் வேண்டும் என்று உனக்கு எழுதினேன் பார், என்னைச் சொல்லவேண்டும். இவர் தினமும் வேலை முடிந்ததும் படகுத்துறையில் போய் நிற்கிறார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர நான்தான் போகவேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில் குரங்கைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதே.

கமலாக்ஷி

*

முகாம்
14 ஜனவரி 1979

மன்னிக்கு,

நான் யோசித்துத்தான் செய்தேன். சீதாவின் மரணத்தை முறையாக விசாரிக்கும்படி போலீசுக்கு மனு அனுப்பியிருக்கிறேன். அவர் குற்றவாளி என்று எழுதவில்லை. மாற்றான் குழந்தையிடம் ஓர் ஆணுக்கு இருக்கக்கூடிய பகை எவ்வளவு பழமையானது என்பதை விளக்கியிருக்கிறேன். அவருக்கே தெரியாமல்கூட அது கையைத் தளர்த்தியிருக்கலாம்.

அவர் நிரபராதி என்றால் அவருக்கு என்ன பயம்? அண்ணா இருந்தால் இதைத்தான் செய்திருப்பான். அவன் இடத்தில் நான் இருக்கிறேன்.

விச்சு

*

மட்டாஞ்சேரி
9 மார்ச் 1979

விஸ்வேஸ்வரன்,

என்ன பயம் என்று கேட்டாய். சொல்கிறேன்.

கொச்சங்காடி கிடங்கில் மிளகு மூட்டை ஏறிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. மூட்டை தூக்குகிற அத்தனை சுமட்டுக்காரர்களுக்கு நடுவில் அவர்கள் மேஸ்திரியான இவரைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். ஸ்டேஷனில் உன் மனுவை ஒருத்தர் வாசித்துக்காட்டினாராம். “குரங்கோட கதையொக்க எழுதியிருக்கான், எந்தா இது?” என்று சிரித்தார்களாம். சிரித்துவிட்டு அடித்தார்கள். படித்தவன் எழுதியிருக்கிறான், ஏதாவது இருக்கும் என்று அடித்தார்கள். தோணிக்காரனும் அந்த வைப்பின்காரியும் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். இவருடைய இடது கை இப்போது தோளுக்கு மேலே எழும்பவில்லை.

உன் நியாயம் எனக்குப் புரியவே இல்லை. குட்டியைக் கொல்வது அந்தக் குரங்கின் ரத்தத்தில் ஊறியது, தெரிந்து செய்வது அல்ல என்கிறாய். சரி. அப்படியானால் எந்தக் குரங்கை நீ எந்தப் போலீசில் பிடித்துக்கொடுத்தாய்? இல்லை, இவர் தெரிந்தே செய்தார் என்கிறாயா? அப்போது பார்த்தவர்களைக் கேள், தோணிக்காரனைக் கேள். அதில் குரங்குக்கு என்ன வேலை? தண்டிக்க மட்டும் மனுஷன் வேண்டும், சாட்சி சொல்லக் குரங்கு போதும். நல்ல படிப்பு.

ஊரார் வாயால் நீ கேட்கவேண்டாம், நானே சொல்கிறேன். நான் உண்டாகியிருக்கிறேன். உன் கணக்கில் இதையும் எழுதிக்கொள்.

கமலாக்ஷி

*

பெங்களூர்
3 செப்டம்பர் 1979

ஸ்ரீமதி கமலாக்ஷி அவர்களுக்கு,

நான் எழுதிய கட்டுரை வெளிவந்த வாரப்பத்திரிகையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மறைத்துச் செய்தேன் என்று பின்னால் சொல்லக்கூடாது. இதே விஷயத்தைப் போன மாதம் களமசேரியில் பல்கலைக்கழக மாணவர்களிடமும் பேசினேன். அரங்கம் நிறைந்திருந்தது.

யார் பெயரையும் போடவில்லை. “என் குடும்பத்திலேயே” என்று மட்டும் ஒரு பத்தி. மறுமணம், புதிய ஆண், பழைய குழந்தையின் சாவு, ஆண்டு திரும்புவதற்குள் அடுத்த கர்ப்பம். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். முடிவு எதுவும் சொல்லவில்லை. வாசிப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

போலீஸ் விட்டுவிட்டது என்பதால் உண்மை மாறிவிடாது. நான் பழிவாங்குகிறேன் என்று அம்மாகூடச் சொல்கிறாள். அதற்கும் காரணம் உண்டு. அடித்தவனைச் சும்மா விடுகிற பிராணி மறுபடி அடி வாங்கும். பழி என்பது நம் மூதாதைகள் பிழைத்துக் கிடந்த வழி. எனக்கு அதில் வெட்கம் இல்லை.

விஸ்வேஸ்வரன்

*

மட்டாஞ்சேரி
30 நவம்பர் 1979

விஸ்வேஸ்வரன் அவர்களுக்கு,

பெயர் போடவில்லை என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். கொச்சியில் ஜாதி விட்டு மறுமணம் செய்துகொண்டு, தோணியில் குழந்தையைப் பறிகொடுத்த தமிழ்க்காரி எத்தனை பேர் இருக்கிறோம்? பத்திரிகை வந்த மூன்றாம் நாள் சாயாக்கடையில் ஒருத்தன் சத்தமாக வாசித்தான். இவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

கிடங்கு முதலாளி நல்லவர். வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. “கொஞ்சம் நாள் நீ வராதே இரி, சுப்பு” என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இப்போது களமசேரியில் ஒரு ஃபாக்டரி வாசலில் காவல் நிற்கிறார். எங்கள் தெருக் குழந்தைகளுக்கு இவரைப் பார்த்தால் ஆசை. சட்டைப்பையில் கடலைமிட்டாய் இருக்கும். போன வாரம் அடுத்த வீட்டுக் குழந்தை இவரிடம் ஓடிவந்தபோது அவள் அம்மா வாசலிலிருந்து, “மோளே, இங்ஙோட்டு வா! வரான் பறஞ்ஞில்லே?” என்று மகளைக் கத்திக் கூப்பிட்டாள். இவர் பையிலிருந்து எடுத்த கையை அப்படியே திரும்ப உள்ளே விட்டுக்கொண்டார். இப்போது பையில் ஒன்றும் வாங்கி வைப்பதில்லை.

எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறான். வீரபாண்டி என்று இவர் அப்பாவின் பெயர். பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் பெற்ற குழந்தையை ஒரு கொலைக்குக் கிடைத்த கூலி மாதிரி பார்த்தார்கள். அது உங்கள் பத்தி செய்த வேலை.

சித்தப்பனுக்கும் அண்ணன் பெண்ணுக்கும் ரத்தத்தில் நாலில் ஒரு பங்கு பொது என்று ஒரு தடவை எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். அந்த நாலில் ஒரு பங்கு அவள் இருந்த ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்தது. ரத்தத்தில் ஒரு சொட்டுகூட இல்லாதவர் தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டார். அம்மை போட்டபோது வேப்பிலையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருந்தார். இதையெல்லாம் நீங்கள் பார்க்கவில்லை. குரங்கைப் பார்க்க மரத்தடியில் வருஷக்கணக்காக உட்காரத் தெரிந்தவருக்கு ஒரு மனுஷனைப் பார்க்க ஒரு நாள் கிடைக்கவில்லை.

பழியில் வெட்கம் இல்லை என்றீர்கள். எனக்கும் இல்லை. உங்களுக்கும் எதிலாவது ஆசை வரும், அதைப் பிடிக்கக் கை நீட்டுவீர்கள். அன்றைக்கு நான் உயிரோடு இருக்கவேண்டும் என்பதைத் தவிர மாதாவிடம் நான் வேறொன்றும் கேட்பதில்லை.

கமலாக்ஷி சுப்புராஜ்

*

கோயம்புத்தூர்
11 ஜூன் 1983

மன்னிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப்போடாமல் இருந்தால் சரி. நாலு வருஷம் ஆகப்போகிறது.

அம்மா போன தை மாதம் காலமானாள். உங்களுக்குத் தெரிவிக்கவில்லை, தெரிவித்திருக்கவேண்டும். நான் இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். மீனாக்ஷியைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷம். எங்களுக்குக் குழந்தை இல்லை. குறை என்னிடம்தான், மருந்தும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

திருச்சூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பெண் குழந்தை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றரை வயது. விசாரணை எல்லாம் முடிந்து ஆவணியில் கொடுப்பதாகத் தலைவி சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டேன். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை.

அவளுக்குச் சீதாலக்ஷ்மி என்று பெயர் வைக்கப்போகிறோம். இதைக் கேட்டு உங்கள் மனம் கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்துத்தான் எழுதத் தைரியம் வந்தது. பழையதை எல்லாம் விட்டுவிடலாம், மன்னி.

விச்சு

*

மட்டாஞ்சேரி
2 ஜூலை 1983

விஸ்வேஸ்வரன் அவர்களுக்கு,

என் பெண்ணின் பெயர் உங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கிடைக்கிறதா?

நீங்கள் 1979-இல் எழுதிய கட்டுரையைத் திருச்சூர் இல்லத்துத் தலைவிக்கு, முகவரி விசாரித்து, ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். கூட ஒரு வரி எழுதினேன்: “மாற்றான் குழந்தையை ஓர் ஆண் மனதார வளர்க்கமாட்டான் என்று எழுதிய இவர்தான் உங்களிடம் குழந்தை கேட்கிறார்.” பொய் ஒன்றும் எழுதவில்லை. முடிவும் சொல்லவில்லை. வாசிப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கமலாக்ஷி சுப்புராஜ்

*

கோயம்புத்தூர்
19 ஆகஸ்டு 1983

மன்னி,

எங்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். தலைவியின் மேஜைமேல் என் கட்டுரை கிடந்தது. “இதை நீங்கள்தான் எழுதினதா? இப்பவும் இதை நம்பறீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றால் குழந்தை இல்லை. இல்லை என்றால் பொய்யன். மீனாக்ஷிக்கு அப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அதை எடுத்து வாசித்து முடித்துவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: “அந்தப் பத்தியில் இருக்கிற பொம்மனாட்டி யாரு?” சொன்னேன். இப்போது அவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள்.

தீர்மானத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வேறு ஒரு தம்பதியும் அந்தக் குழந்தையைக் கேட்கிறார்களாம்.

நான் வாதாடத்தான் எழுதுகிறேன், வேறு எனக்கு என்ன தெரியும்? குரங்கு செய்வதை வைத்து மனிதன் என்ன செய்வான் என்று சொல்லிவிட முடியாது. இயற்கையில் ஒன்று இருக்கிறது என்பதாலேயே அது நமக்கு விதி ஆகிவிடாது. ஆயிரம் தலைமுறையாக ரத்தத்தில் வந்த ஒன்றை, மடியில் உட்கார்ந்த ஒரு குழந்தை ஒரு நொடியில் அழித்துவிட முடியும். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்தது அல்ல. அவளைத் தூக்கியபோது தெரிந்தது.

நீங்கள் செய்ததற்கும் கூட்டத்தில் ஒரு குரங்கு காத்திருந்து கடிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். இல்லத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

விச்சு

*

மட்டாஞ்சேரி
1 செப்டம்பர் 1983

விஸ்வேஸ்வரன் அவர்களுக்கு,

குரங்கை வைத்து மனிதனைச் சொல்ல முடியாது. நல்ல வாக்கியம். இந்த வாக்கியம் 1979-இல் எங்கே போயிருந்தது? இவர் மடியிலும்தான் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. உங்களுக்கு ஒரு நொடியில் அழிந்தது, இவருக்கு மட்டும் அழியாதா?

காலில் விழவேண்டாம். அதே பத்திரிகையில் எழுதுங்கள். இந்தத் தடவை பெயரோடு. சுப்புராஜ், கொச்சங்காடி என்று ஊரோடு. அவருக்கு எதிராக உங்களிடம் எந்த ஆதாரமும் இருந்ததில்லை, தோணிக்காரனைக்கூட நீங்கள் கேட்டதில்லை என்று எழுதுங்கள். அச்சில் வந்த பிறகு நான் திருச்சூருக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு எழுத்தும் கிடையாது.

கமலாக்ஷி சுப்புராஜ்

*

கோயம்புத்தூர்
15 டிசம்பர் 1983

மன்னி,

அச்சாகிவிட்டது. அனுப்பியிருக்கிறேன். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். பழைய விஷயம், யாருக்கும் ஞாபகம் இல்லை என்றார்கள். சென்னைக்கு நேரில் போய் ஆசிரியர் அறை வாசலில் உட்கார்ந்தேன்.

நீங்கள் சொன்னபடியே பெயரும் ஊரும் இருக்கின்றன. ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதனைக் கொலைகாரன் ஆக்கினேன் என்ற வாக்கியமும் இருக்கிறது. கல்லூரியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். என் ஆராய்ச்சியையே இனி யாரும் நம்பப்போவதில்லை.

மனம் திருந்தி எழுதினானா, குழந்தைக்காக எழுதினானா என்று கேட்பீர்கள். குழந்தைக்காகத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் “சுப்புராஜ்” என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை உங்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், அதுவும் நன்றாக நீந்துவாரா என்று கேட்க. மற்ற இடமெல்லாம் “அவர்”, இல்லாவிட்டால் “புதிய ஆண்”.

திருச்சூருக்கு உடனே எழுதுங்கள். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

விச்சு

*

மட்டாஞ்சேரி
8 ஜனவரி 1984

விச்சு,

பத்திரிகை கிடைத்த அன்றைக்கே திருச்சூருக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று இருந்தேன். இதை மறைக்க எனக்கு மனமில்லை.

முதலில் இவரிடம் காட்டவேண்டும் என்றும் ஆசை. ஒரு வாரம் தள்ளி, இவர் களமசேரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே முன்னால் விரித்து வைத்தேன். இவர் தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பார். வாசித்து முடித்து மடித்தார்.

“நாலஞ்சு வருசம் களிச்சு இதை யாரு வாசிக்கப் போறா? அன்னைக்குச் சாயாக்கடையில சத்தமா வாசிச்சானே, அவனைக் கூட்டிட்டு வந்து இதையும் வாசிக்கச் சொல்லு” என்றார். பிறகு, “இந்த ஆளு எதுக்கு இப்ப எளுதினாரு?” என்றார்.

எல்லாம் சொன்னேன். உங்களுக்குக் குழந்தை இல்லாதது, இல்லம், அந்தப் பெண், நான் அனுப்பியது. என்ன எழுதி அனுப்பினாய் என்று கேட்டார். அந்த வரியைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அவங்க அதை நெசம்னு நம்பணும்னுதானே அனுப்பிச்சே?”

“ஆமாம்.”

“அப்போ நீயும் அதைத்தானே சொல்லியிருக்கே? பிறத்தியான் பிள்ளையை ஒரு ஆம்பளை வளக்கமாட்டான்னு.”

“நான் ஒரு நிமிஷம்கூட அதை நம்பினதில்லை. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நீ நம்பலே. ஆனா அவங்களை நம்ப வச்சிட்டியே, கமலா. அந்த ஆளாவது என்னைத் தெரியாம எளுதினாரு.”

அவ்வளவுதான் பேசினார். பாண்டியைக் குளிப்பாட்டினார், அவனுக்குச் சோறு ஊட்டினார். அன்றிலிருந்து எனக்குப் பதில் வருகிறது, பேச்சு வருவதில்லை. நான் அந்த விஷயத்தை எடுத்தால் எழுந்து படகுத்துறைப் பக்கம் போய்விடுகிறார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுத் திருச்சூருக்கு நேரில் போனேன். தலைவி மரியாதையாக உட்காரவைத்தார். போன வாரம்தான் குழந்தையைக் கொடுத்தோம், ஒற்றப்பாலத்தில் ஒரு தம்பதிக்கு என்றார். நல்ல மனிதர்களாம். அவள் அதற்குள் அந்த வளர்ப்புத் தகப்பனாரை “அச்சா” என்று கூப்பிடுகிறாளாம். “நிங்களோட ஒரு வரி இருந்தது, அதனால தீர்மானிக்க எளுப்பமாச்சு” என்று எனக்கு நன்றி சொன்னார். அந்த வரி தப்பு என்றேன். எந்த வகையில் தப்பு என்று கேட்டார். நான் பொய் ஒன்றும் எழுதவில்லையே.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ செய்ததும் நான் செய்ததும் ஒன்று அல்ல. என் பெண் செத்த துக்கத்தின் மேல் நீ போலீசை ஏற்றினாய். இவர் கை இன்னும் எழும்பவில்லை. நீ இந்தக் கடிதத்தை வாசித்து, குழந்தை போய்விட்டது என்ற இடத்துக்கு வருவாயே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சில் இனிப்பாகத்தான் இருக்கிறது. அது ரத்தத்தில் வந்தது, மூதாதைகள் தந்தது என்று நீ சொல்லுவாய். இருக்கலாம். ஆனால் தபாலாபீசுக்கு நடந்துபோனது மூதாதைகள் அல்ல, நான். வழியில் எத்தனையோ இடத்தில் திரும்பி வந்திருக்கலாம்.

அந்தக் குழந்தை என்னை ஒன்றும் செய்யவில்லை. மீனாக்ஷியும் செய்யவில்லை. அவள் திரும்பி வந்தாளா என்று நீ எழுதவில்லை. இவரைப் பற்றி இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம். நீ ஊருக்குச் சொன்னாய். இவரோடு படுத்து எழுந்த நானும் சொன்னேன்.

அச்சில் வந்தது போதாது. நேரில் வா. மீனாக்ஷி வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டில்தான் இருப்பார். இவர் முகத்தைப் பார்த்து நீ சொல்லவேண்டியதைச் சொல். நீ சொல்லி முடித்ததும் நான் சொல்லவேண்டியதை நான் சொல்லிவிடுகிறேன். நான் தனியாகச் சொன்னால் எழுந்து போகிறார். விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போகிற மனுஷர் அல்ல.

உன்னை நான் மன்னிக்கவில்லை. சாப்பாடு போடுகிறேன், மன்னிக்கமாட்டேன். ஆனாலும் வா. இவர் முன்னால் தனியாக நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கூட நிற்க உன்னைத் தவிர எனக்கு வேறு ஆளும் இல்லை.

கமலாக்ஷி